நாலு கட்டமும் ஞாயிறு வகுப்பும்

சென்ற மாதம் என் பேரன் கிராஃப் தாளும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்தான். "தாத்தா, ஒரு விளையாட்டு சொல்லித் தரட்டுமா?" என்றான். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜான் கான்வே உருவாக்கிய 'லைஃப்' விளையாட்டு அது. 1970 அக்டோபரில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகு உலகெங்கும் பரவியது.

விதிகள் எளியவை. ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி 8 கட்டங்கள். நிரப்பிய கட்டத்துக்கு நிரம்பிய அண்டை 2 அல்லது 3 இருந்தால் அது அடுத்த தலைமுறைக்குப் பிழைக்கும். குறைந்தால் தனிமையால் சாகும். கூடினால் நெரிசலால் சாகும். காலிக் கட்டத்துக்குச் சரியாக 3 அண்டை இருந்தால் அங்கே ஓர் உயிர் பிறக்கும்.

நாலு கட்டங்களைச் சதுரமாக நிரப்பினால் ஒவ்வொன்றுக்கும் 3 அண்டை. வெளியிலுள்ள எந்தக் காலிக் கட்டத்துக்கும் 2-க்கு மேல் இல்லை. ஆகவே சாவும் இல்லை, பிறப்பும் இல்லை. எத்தனை தலைமுறை போனாலும் அப்படியே நிற்கும். 'பிளாக்' என்று பெயர்.

பேரன் அதில் ஒன்றை அழித்தான். மீதி மூன்றும் சேர்ந்து அடுத்த தலைமுறையிலேயே நாலாவதைப் பிறப்பித்துவிட்டன. பிறகு இரண்டை அழித்தான். மிஞ்சிய இரண்டுக்கும் ஆளுக்கு ஓர் அண்டைதான். இரண்டுமே போயின. தாள் காலி!

எனக்குச் சுரீரென்றது. நான் முன்பு வேலை பார்த்த ரயில்வே காலனியில் நாலு குடும்பங்கள் சேர்ந்து ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்தினோம். ஒருவருக்கு மாற்றல் வந்தபோது, மற்ற மூவரும் வீடு வீடாகப் போய் இன்னொருவரை அழைத்து வந்தோம். அடுத்த மாற்றலின்போது, "பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டோம். அதற்குள் இன்னொருவரும் போனார். மிஞ்சிய இருவரில் நானும் ஒருவன். மூன்றே மாதத்தில் வகுப்பு நின்றது. அப்போது என் மகளுக்கு 7 வயது. இன்றும் அவள் தமிழ் பேசுவாள், படிக்க வராது. இந்தக் கட்டுரையையும் நான்தான் அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டும்.

தண்டவாளம் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடப்பதாகப் பயணிகள் நினைப்பார்கள். தினமும் ஒருவர் நடந்து பார்த்து, தளர்ந்ததை முடுக்குவதால்தான் அது கிடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். நிலைத்திருப்பதும் ஒரு வேலைதான்.

நம் சங்கத்தின் தமிழ் வகுப்பில் இப்போது ஆசிரியர்கள் மூவர். ஓர் இடம் காலி. தாளில் நாலாவது தானாகப் பிறக்கும். மனிதர்களிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்கிறேன்: உங்களில் ஒருவர் அடுத்த ஞாயிறு வருவீர்களா?