வாட்ஸைப் பார்த்து வாங்காதீர்கள், ஓம்ஸைக் கேட்டு வாங்குங்கள்!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் ஆம்ப்ளிஃபயருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம் செய்யும் அதே தவறைத்தான் கார் ஆடியோ வாங்கும்போதும் செய்கிறோம். அட்டைப் பெட்டியில் எந்த எண் பெரிதாக அச்சாகி இருக்கிறதோ, அதை நம்பிப் பணம் கொடுக்கிறோம். அப்படி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். அதுவும் எலக்ட்ரானிக்ஸ் படித்த இன்ஜினியர்!

சென்ற ஆண்டு என் சித்தப்பா மகன் தன் சம்பளத்தில் சேர்த்த பணத்தைப் போட்டு ஒரு பழைய கார் வாங்கினான். "அண்ணா, நீயும் வா. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று சப்வூஃபர் வாங்க என்னையும் கடைக்கு அழைத்துப் போனான். ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் 1000 வாட்ஸ் என்றும், 12 இஞ்ச் சப்வூஃபர் பெட்டியில் 1200 வாட்ஸ் என்றும் போட்டிருந்தது. ஆம்ப்ளிஃபயரை விட சப்வூஃபருக்கு வாட்ஸ் அதிகம், அதனால் ஒன்றும் ஆகாது என்று நானும் தலையாட்டினேன். கடையிலேயே மாட்டியும் கொடுத்தார்கள்.

மே மாதம் குடும்பத்தோடு சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். செங்கல்பட்டு தாண்டியதும் பேஸ் சத்தம் நின்றுவிட்டது. டிக்கியைத் திறந்தால் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிகிறது. கை வைக்க முடியாத சூடு! அதன் மேல் எங்கள் துணிப்பை வேறு சாய்ந்து கிடந்தது. ஆறவிட்டால் பாடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும். பின் சீட்டிலிருந்த சித்தப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "படிச்சவன் நீ கூடப் போயிருந்தியேப்பா?" விழுப்புரம் வரை நான் வாயே திறக்கவில்லை.

திரும்பி வந்து கடையில் சொன்னோம். "ஒரு ஃபேன் மாட்டிடலாம் சார். கம்ப்யூட்டர்ல போடுற அதே ஃபேன்தான்" என்றார்கள். கம்ப்யூட்டர் கேபினட் ஃபேன் 12 வோல்ட்டில் ஓடுவது, அதனால் காரிலும் ஓடும். அது உண்மைதான். ஆனால் காய்ச்சல் வந்தவனுக்கு விசிறி வீசினால் காய்ச்சல் போய்விடுமா? சூடு ஏன் வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

சூடு எங்கிருந்து வருகிறது?

வீட்டுக்கு வந்து மேனுவலைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் உண்மை இருந்தது. தொடர்ந்து கொடுக்கக் கூடிய பவர், அதாவது ஆர்.எம்.எஸ்., 4 ஓமில் வெறும் 200 வாட்ஸ். இரண்டு சேனல்களையும் பிரிட்ஜ் முறையில் சேர்த்தால்தான் அதுவும் கிடைக்கும். பிரிட்ஜ் செய்யும்போது 4 ஓமுக்குக் கீழே இணைக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தது.

எங்கள் சப்வூஃபரில் இருந்தது இரண்டு வாய்ஸ் காயில். ஒவ்வொன்றும் 4 ஓம். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். தொடரிணைப்பில் 4-ம் 4-ம் சேர்ந்து 8 ஓம். பக்க இணைப்பில் 2 ஓம். கடையில் போட்டிருந்தது பக்க இணைப்பு. சத்தம் கூடுதலாக வரும் என்பதற்காக!

பிரிட்ஜ் முறையில் ஒவ்வொரு சேனலும் மொத்த ஓமில் பாதியைத்தான் உணரும். அதாவது 2 ஓம் தாங்கும்படி செய்யப்பட்ட சேனலின் தலையில் 1 ஓம் சுமை. ஓம் பாதியானால் அதே வோல்ட்டேஜில் கரண்ட் இரண்டு மடங்கு. உதாரணமாக 20 வோல்ட்டில் 4 ஓம் என்றால் 5 ஆம்பியர், 2 ஓம் என்றால் 10 ஆம்பியர், 1 ஓம் என்றால் 20 ஆம்பியர். இந்தக் கரண்ட் முழுவதும் ஆம்ப்ளிஃபயரில் உள்ள டிரான்சிஸ்டர்கள் வழியாகத்தான் போக வேண்டும். சூடாகாமல் என்ன செய்யும்?

அந்தச் சிவப்பு விளக்கு பழுதின் அடையாளம் அல்ல, தன்னைக் காப்பாற்றிக் கொள்ள ஆம்ப்ளிஃபயர் போடும் சத்தம். அதிக சூடானால் கம்ப்யூட்டர் தானாக அணைந்து கொள்கிறதே, அதே போலத்தான்.

தீர்வுக்கு ஆன செலவு: ஒரு சாண் ஒயர்

ஒரு காயிலின் பிளஸ்ஸை அடுத்த காயிலின் மைனஸோடு இணைத்து, மீதி இரண்டு முனைகளை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தேன். இப்போது 8 ஓம். 4 ஓமில் வரும் பவரில் ஏறக்குறைய பாதி, அதாவது 100 வாட்ஸ்தான் கிடைக்கும். ஆனால் பவர் பாதியானால் சத்தம் பாதியாகிவிடாது. 3 டெசிபல்தான் குறையும். காருக்குள் அது பெரிய இழப்பல்ல. அடுத்த முறை திருநெல்வேலிக்குப் போனபோது ஆம்ப்ளிஃபயர் ஒரு முறை கூட நிற்கவில்லை.

இணைப்பைச் சரிபார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 4 ஓம் சப்வூஃபர் மீட்டரில் 3-க்கு மேல் ஏதோ காட்டும், 8 ஓம் என்றால் 6 அல்லது 7 காட்டும். 2-க்குக் கீழே காட்டினால் மேனுவலைப் பார்க்காமல் ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்யாதீர்கள்.

உங்கள் கம்ப்யூட்டரும் உதவும்

ஆம்ப்ளிஃபயரில் உள்ள கெயின் திருகை வால்யூம் என்று நினைத்துப் பலர் முழுவதும் திருகி விடுகிறார்கள். அது வால்யூம் அல்ல. அளவுக்கு மீறித் திருகினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். அப்போது சப்வூஃபரின் காயிலும் சேர்ந்து சூடாகும். சின்ன ஆம்ப்ளிஃபயர் பெரிய சப்வூஃபரை ஒன்றும் செய்யாது என்று நான் நினைத்தது இதனால்தான் தவறு.

ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் ஜெனரேட் மெனுவுக்குப் போய் டோன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 50 ஹெர்ட்ஸ் சைன் அலை, ஆம்ப்ளிட்யூட் 1 என்று கொடுத்து ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றுங்கள். சப்வூஃபர் ஒயர்களை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட்டை அணைத்து, கார் ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் ஓடவிடுங்கள். வாட்ஸை ஓமால் பெருக்கி, கம்ப்யூட்டரில் உள்ள கால்குலேட்டரில் வர்க்கமூலம் எடுங்கள். 100 வாட்ஸ், 8 ஓம் என்றால் 800-ன் வர்க்கமூலம், சுமார் 28. ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் ஏ.சி. வோல்ட்டேஜ் 28 வரும் வரை கெயினைத் திருப்பி, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

பள்ளி நாட்களில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரோடு வந்த கையளவு ஸ்பீக்கரில் பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் இருந்தது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இன்றும் அதே வித்தைதான், பெயர் மட்டும் 'மேக்ஸ்' என்று மாறியிருக்கிறது.

இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஃபியூஸைப் பாருங்கள். எங்களுடையதில் 25 ஆம்பியர். கார் ஓடும்போது வோல்ட்டேஜ் சுமார் 13.8. இரண்டையும் பெருக்கினால் 345 வாட்ஸ். உள்ளே போவதே 345 என்றால் வெளியே 1000 எப்படித் தொடர்ந்து வரும்? அதற்காகப் பெரிய ஃபியூஸ் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அளவுக்கு மீறிய கரண்ட் பாயாமல் ஆம்ப்ளிஃபயரைக் காப்பது அந்த ஃபியூஸ்தான்.

அமெரிக்காவின் நுகர்வோர் மின்னணு சங்கம் 2003-ல் சி.இ.ஏ.-2006 என்ற அளவீட்டு முறையைக் கொண்டு வந்தது. 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மிகாத ஒலிச்சிதைவு என்ற ஒரே நிபந்தனையில் எல்லா ஆம்ப்ளிஃபயரையும் அளப்பதற்கு. அந்தக் குறிப்பு பெட்டியில் இருந்தால் எண்ணை நம்பலாம். இல்லையென்றால் இரண்டே கேள்விகள் கேளுங்கள். ஆர்.எம்.எஸ். எவ்வளவு? குறைந்தபட்சம் எத்தனை ஓம் தாங்கும்? பிறகு சப்வூஃபரின் ஆர்.எம்.எஸ்., காயில்களின் ஓம் இரண்டையும் அதோடு பொருத்திப் பாருங்கள். பதில் தெரியாத கடையில் பொருள் வாங்காதீர்கள்.

இந்த இரண்டு எண்களையும் பெட்டியின் முகப்பிலேயே பெரிதாக அச்சிட வேண்டும் என்பது என் கருத்து. தயாரிப்பாளருக்குத் தெரியாத எண்கள் அல்ல இவை. மேனுவலின் கடைசிப் பக்கத்தில் அவரேதான் எழுதி வைத்திருக்கிறார். அதுவரை அந்தக் கடைசிப் பக்கத்தை நாம்தான் முதலில் படிக்க வேண்டும். காசு கொடுத்த பிறகு அல்ல, கொடுப்பதற்கு முன்னால்!