அக்காவுக்கு நாற்பது வயது

அக்காவும் தங்கையும் ஒரே ஆளை விரும்பினால் கதாசிரியருக்குக் கொண்டாட்டம். ஒருத்தியை வில்லியாக்கி இன்னொருத்தியைக் கண்ணீர் விட வைத்தால் படம் ஓடிவிடும். 1925இல் வந்த ‘ஸ்மோல்டரிங் ஃபயர்ஸ்’ என்ற அமெரிக்க மௌனப் படம் அந்தச் சுலபமான வழியில் போகவில்லை. ‘நீறு பூத்த நெருப்பு’ என்று நம் பேச்சில் அதற்குப் பெயர் சூட்டலாம். இயக்கியவர் கிளாரன்ஸ் பிரவுன். பிற்பாடு நடிகை கிரெட்டா கார்போவை வைத்து ஏழு படங்கள் எடுத்தவர்.

ஜேன் வேல், அப்பா விட்டுச்சென்ற ஆடைத் தொழிற்சாலையை நடத்துகிறவள். வயது நாற்பது. அவள் சொன்னால் மேலாளர்கள் தலையாட்டுவார்கள். ராபர்ட் என்ற இளைஞன் மட்டும் மறுத்துப் பேசுகிறான். அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்தவள், மெல்ல மனத்தையும் கொடுக்கிறாள். தொழிற்சாலையில் கேலிப் பேச்சு கிளம்ப, அவளுக்காக வரிந்துகட்டிய ராபர்ட் கல்யாணப் பேச்சை எடுக்கிறான். அந்த நேரம் பார்த்துக் கல்லூரியிலிருந்து வந்து நிற்கிறாள் தங்கை டோரதி. அவனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போகிறது. அக்கா முகத்துப் பூரிப்பைப் பார்த்து, சொல்ல வந்ததை இருவரும் விழுங்கிவிடுகிறார்கள். கல்யாணம் நடந்துவிடுகிறது.

படத்தின் உயிர் அதற்குப் பிறகுதான். கணக்குப் புத்தகத்தில் இருந்த ஜேனின் கண் நிலைக்கண்ணாடிக்கு மாறுகிறது. முகத்துக்கு மசாஜ், இளமையாகத் தெரிய ஆயிரம் பாடு. ஜேனாக நடித்த பாலின் ஃபிரெடரிக்குக்குக் குரலே தேவைப்படவில்லை. சிரிப்பு உதட்டில் நிற்க, கண்ணில் களைப்பு தெரிகிறது. விஷயம் புரிந்ததும், ராபர்ட்மேல் ஆசையே இல்லை என்று பொய் சொல்லி விலகிக்கொள்கிறாள்.

இதைத் தியாகம் என்று மெச்சத் தோன்றும். அபராதம் என்பதே பொருத்தமான சொல். தங்கை கெட்டவள் இல்லை, ராபர்ட்டும் அயோக்கியன் இல்லை. அக்காவின் பிறந்த தேதி ஒன்றுதான் குற்றவாளி.

நடிகர்களின் பிறந்த தேதிகளையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். பாலின் 1883இல் பிறந்தவர். ராபர்ட்டாக வந்த மால்கம் மெக்ரெகர் 1892; டோரதியாக வந்த லாரா லா பிளான்ட் 1904. அதாவது, ‘பொருந்தாத’ மனைவிக்கும் மெக்ரெகருக்கும் ஒன்பது வயது வித்தியாசம், ‘பொருந்திய’ காதலிக்கும் அவருக்கும் பன்னிரண்டு!

இன்னொரு கணக்கும் உண்டு. நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் 1883இல்தான் பிறந்தார். பாலினைவிடச் சில மாதம் மூத்தவர்கூட. அதே 1925இல் ‘டான் கியூ, சன் ஆஃப் ஸாரோ’ படத்தில் அவர்தான் நாயகன். ஜோடி மேரி ஆஸ்டருக்கு வயது 19. அப்பா வேடமும் ஃபேர்பேங்க்ஸே, காதலிக்கும் மகன் வேடமும் அவரே. முகத்துக்கு மசாஜ் செய்துகொள்ளும் காட்சியை அவருக்காக யாரும் எழுதவில்லை.

இரண்டு படங்களுக்கும் அமெரிக்காவில் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. நம் ஊர்த் திரைப்படச் சங்கங்கள் ஒரே மாலையில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டட்டும்.