வாசல் கேட்



இம்மாதம் உங்களோடு பேச எடுத்துக்கொண்டது எங்கள் வளவு வாசலில் நிற்கும் மரக் கேட்டைப் பற்றி. இதெல்லாம் ஆண்களின் வேலை, நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டுக்காரர் தூரத் தொழிலில் இருக்க, பாஸை அழைப்பதும் சாமான் வாங்கிக் கொடுப்பதும் நின்று வேலையைப் பார்ப்பதும் பல வீடுகளில் நீங்கள்தாம். எங்கள் கேட்டில் குறை இருப்பதை முதலில் கண்டதும் நானல்ல, என் மனைவிதான்.

நாங்கள் இருப்பது றொசல்லயில். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் ரயில் நின்று போகும் சிறிய ஊர். வட்டவளைப் பக்கத்து மழையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இலங்கையில் மிகக் கூடுதலாக மழை விழும் இடங்களில் அதுவும் ஒன்று. மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் செப்டம்பர் வரை மரத்தில் ஈரம் காயாது. வெயில் காலத்தில் லேசாக ஆடும் கேட், மழைக் காலத்தில் நீரைக் குடித்து ஊதிப் பாரமாகிவிடும்.

எங்கள் கேட் நாலடி அகலம், ஐந்தடி உயரம். நனைந்தால் அறுபது கிலோ இருக்கும், அதாவது ஒரு மூடை சீமெந்தைவிடக் கூட. அதை வீட்டுக் கதவுக்குப் போடும் சிறு பிணைச்சல் இரண்டில், ஒன்றரை அங்குலத் திருகாணிகளால், உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக் கல் தூணில் மாட்டியிருந்தோம். மேல் பிணைச்சலின் ஆணிகள் கழன்று வருவதாக மனைவி மூன்று தரம் சொன்னார். நான் ஓட்டையில் தீக்குச்சிகளைச் செருகி ஆணியைத் திருகிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். தீக்குச்சி வைத்தியம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே!

ஒரு நாள் மாலை, மக்ரிபுக்குச் சற்று முன். என் இளைய மகன் வழமைபோலக் கேட்டில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தான். உம்மா கூப்பிட்ட சத்தத்துக்கு இறங்கி ஓடினான். அவன் படியேறுவதற்குள் கேட் முழுவதாகச் சாய்ந்து, அவன் நின்ற இடத்திலேயே விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ், அவனுக்கு ஒன்றுமில்லை. அன்றிரவு நான் சரியாக உறங்கவில்லை. மனைவி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது.

மறுநாள் வந்த தச்சுப் பாஸ் வயதானவர். தூணில் பிய்ந்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மௌலவி, கேட்டு சும்மா விழல. தூணப் புடுங்கிக்கிட்டு வந்திருக்கு" என்றார். பின்பு தரையில் குச்சியால் கோடு கிழித்து விளங்கப்படுத்தினார்.

கேட்டின் பாரம் கீழ்நோக்கி மட்டும் இழுப்பதில்லை. அது மேல் பிணைச்சலைத் தூணிலிருந்து வெளியே இழுக்கிறது. கீழ்ப் பிணைச்சலைத் தூணுக்குள் அழுத்துகிறது. பாரம் நிற்பது கேட்டின் நடுவில், அதாவது தூணிலிருந்து இரண்டடி தூரத்தில். எங்கள் பிணைச்சல் இரண்டுக்கும் இடைவெளியும் இரண்டடிதான். ஆகவே மேல் ஆணிகளை அறுபது கிலோ இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருந்தது. இருபது கிலோ எடையுள்ள பிள்ளை நாலடி தள்ளி, திறக்கும் பக்கத்து நுனியில் தொங்கினால் அதற்கு மேல் இன்னும் நாற்பது. ஆக நூறு கிலோ, தீக்குச்சி செருகிய ஓட்டையில்! பிணைச்சல்களை நாலடி இடைவெளியில் வைத்திருந்தால் அதே கேட்டுக்கு முப்பது, பிள்ளையோடு சேர்த்து ஐம்பது. ஒரு சதமும் கூடச் செலவில்லை. மேலதை மேலேயும் கீழதைக் கீழேயும் தள்ளினால் போதும். இதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்தப் பாரத்தை முன்னோர் வேறு விதமாகச் சமாளித்தார்கள். இராக்கில் மோசுல் நகருக்கு அண்மையில் பலவாத் என்னும் இடத்தில், கிறிஸ்துவுக்கு முன் ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட அசீரிய மன்னன் ஷல்மனேசரின் பெருங் கதவுகளின் வெண்கலப் பட்டைகள் 1878இல் கிடைத்தன. கிடைக்கச் செய்தவர் மோசுலிலேயே பிறந்த ஹொர்முஸ்த் ரஸாம். மரம் மக்கிப்போய், பட்டைகள் மட்டும் இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூதனசாலையில் இருக்கின்றன. அந்தக் கதவுகளுக்குப் பிணைச்சல் கிடையாது. கதவோரத்துப் பருத்த மரத்தின் அடி, கல் குழியில் நின்று சுழன்றது. நம் பழைய வீட்டுக் கதவுகளின் குடுமியும் அதே வழிதான். பாரத்தைத் தரை சுமக்கும். நானும் அப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். "மழத் தண்ணி குழியில நிக்கும், குடுமி ஊறிப் போகும்" என்று பாஸ் மறுத்துவிட்டார்.

பழைய தூணை உடைத்து, நான்கு கம்பி வைத்து கொங்கிறீட் தூண் வார்த்தோம். நிலத்துக்குள் இரண்டரை அடி. கேட்டைத் தாங்கும் இரும்புக் கொளுக்கிகள் இரண்டையும் வார்க்கும் முன்பே கம்பியில் கட்டிவிட்டோம். இங்கேதான் கவனம் வேண்டும். இரண்டு கொளுக்கியும் தூக்குக் குண்டு பிடித்தால் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அரை அங்குலம் பிசகினாலும் கேட் தானாகத் திறக்கும், அல்லது தானாக மூடும். காய்ந்த பிறகு திருத்த வழியில்லை. வார்த்துவிட்டு அவசரப்பட்டு அன்றே மாட்டச் சொல்லாதீர்கள். தூணைச் சாக்கால் மூடி ஈரமாக வைத்து, குறைந்தது ஒரு வாரம் விட வேண்டும். எங்கள் பாஸ் இரண்டு வாரம் விட்டார்.

பிணைச்சலுக்கு, முனையில் வளையமுள்ள நீண்ட இரும்புப் பட்டை வாங்கினோம். கேட்டின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்காவது பட்டை நீள வேண்டும்; நாலடிக்குப் பதினாறு அங்குலம். திருகாணி கூடாது. மரத்தை ஊடுருவி மறுபக்கம் வரும் போல்ட், அகலமான வொஷர், நட். எல்லாம் துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். கறுப்பு இரும்பு மலிவுதான், ஆனால் எங்கள் மழைக்குச் சீக்கிரம் துருவழியும். மேல் கொளுக்கியின் நுனியில் ஓட்டை போட்டு ஊசி செருகினோம். கேட்டை யாரும் தூக்கிக் கழற்ற முடியாது.

இன்னொன்று, கேட்டின் குறுக்குச் சட்டம். எங்களுடையது தலைகீழாக அடிக்கப்பட்டிருந்தது. மரச் சட்டம் கீழ்ப் பிணைச்சல் மூலையில் தொடங்கி, திறக்கும் பக்கத்து மேல் மூலைக்கு ஏற வேண்டும். அப்போதுதான் தொங்கும் மூலையைக் கீழிருந்து முட்டுக் கொடுக்கும். சிலர் கம்பியால் இழுத்துக் கட்டுவார்கள்; கம்பிக்கு இதற்கு நேர்மாறான மூலைகள். இரண்டையும் மாற்றிப் போட்டால் இரண்டாலும் பயனில்லை.

மலைச்சரிவு வீடுகளில் உள்ள தொல்லையையும் சொல்ல வேண்டும். பாதை வீட்டை நோக்கி ஏறும். உட்புறம் திறக்கும் கேட் நிலத்தில் உரசும். வெளியே திறக்க வைத்தால் வீதியை அடைக்கும், நடப்பவர் மேல் மோதும். பாதையில் உள்ள இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று வகுப்பில் கற்பித்துக்கொண்டு நான் அதைச் செய்ய முடியுமா? உள்ளே மண்ணை வெட்டிச் சமப்படுத்தினோம். இடமிருந்தால் இரட்டைக் கதவாகப் போடுங்கள். அகலமும் பாரமும் பாதியாவதால் மேல் பிணைச்சலின் இழுவை கால்வாசியாகிவிடும்.

மாட்டும் நாளில் இரண்டு பேராவது வேண்டும். கேட்டைச் செங்கல்லின் மேல் நிறுத்தி, ஆப்பு வைத்து நிலத்துக்கு இரண்டு அங்குலம் உயர்த்தி, பக்கத்தில் அரை அங்குலம் விட்டு, பிறகே போல்டுக்கு ஓட்டை போட்டார்கள். அந்த அரை அங்குலம் மழையில் மரம் ஊதுவதற்கு. பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குள்.

வேலை முடிந்ததும் மனைவி ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு நுனியில் தன் பாரத்தைச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மரம் காய்ந்து சுருங்கும்போது நட்டுகள் தளரும், மூன்று மாதத்தில் இறுக்க வேண்டும் என்று பாஸ் சொல்லிவிட்டுப் போனார். அதற்குரிய ஸ்பனர் இப்போது சமையலறை லாச்சியில், மனைவியின் பொறுப்பில் இருக்கிறது.