சத்தமில்லாத துப்பாக்கி நம்ம கொல்லைக்கு ஆகாது

பட்டணத்துலேர்ந்து வந்து நம்ம பக்கம் அஞ்சு ஏக்கர், பத்து ஏக்கர்னு நிலம் வாங்குறவங்க இப்போ கூடிட்டாங்க. வரட்டும், சந்தோசம்தான். போர் எத்தனை அடி போடணும், கடலை எந்தப் பட்டத்துல விதைக்கணும்னு கேக்குறாங்க, தெரிஞ்சதைச் சொல்றோம். ஆனா கொஞ்ச நாளா வேற ஒரு கேள்வியும் சேர்ந்து வருது. "அண்ணே, பன்னியும் மயிலும் இவ்வளவு அழிம்பு பண்ணுதே. வெளிநாட்டுல பாயிண்ட் 22 பிஸ்டல்ல சைலன்சர் மாட்டிச் சத்தமில்லாம சுடுறான். அந்த மாதிரி ஒண்ணு லைசென்ஸ்ல வாங்க முடியாதா? எது நல்லது?"

கேக்குறவங்க கெட்டவங்க இல்ல. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாம வேலை முடியணும்னு நினைக்கிறாங்க. அதனால சிரிச்சு ஒதுக்காம ஒழுங்காப் பதில் சொல்லிடலாம். என் முடிவு இதுதான்: நம்ம கொல்லையில சத்தம்தான் காவல். அதை அடக்குற கருவி எதுவும் நமக்கு ஆகாது.

முதல்ல அந்தச் சாமான் என்னன்னு பாத்துருவோம். ரிம்ஃபயர்னா, தோட்டாவோட அடிப்பக்க விளிம்புக்குள்ளயே தீப்பிடிக்கிற மருந்து இருக்கும். சுத்தியல் அந்த விளிம்புல தட்டுனா வெடிக்கும். அந்த வகையில உலகத்துல அதிகம் புழங்குறது 1887-ல வந்த பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டா. விலை கம்மி, உதைப்பு கம்மி. சாதாரண குண்டு ஏறத்தாழ 2.6 கிராம்தான் இருக்கும்.

சைலன்சர் அதுக்குப் பொருந்துறதுக்கும் காரணம் இருக்கு. துப்பாக்கிச் சத்தம் ரெண்டு விதம். குழாய் வாயில காத்து பீறிட்டு வர்ற வெடிச்சத்தம் ஒண்ணு. குண்டு ஒலியை விட வேகமாப் போனா சாட்டை சொடுக்குன மாதிரி வர்ற சத்தம் இன்னொண்ணு. சைலன்சர் முதல் சத்தத்தை மட்டும்தான் அமுக்கும். பாயிண்ட் 22 பிஸ்டலுக்குக் குழாய் சின்னது. சாதாரண தோட்டா அதுலேர்ந்து ஒலியை விட மெதுவாத்தான் போகும். அதனால ரெண்டாவது சத்தமே வராது. அப்பவும் சினிமாவுல வர்ற மாதிரி 'புஸ்'னு போகாது. ஏறத்தாழ 155 டெசிபல் இருக்கிறது 120 பக்கம் இறங்கும். அவ்வளவுதான்.

அந்த ஊர்கள்ல இதை வாங்குறவன் எதைப் பாப்பான்? சுடும்போது குழாய் அசையாம நிக்கிற பிஸ்டலா, ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக்மார்க் மாதிரி இருக்கான்னு பாப்பான். ஈயமும் கரியும் சீக்கிரம் அடைச்சுக்கிற தோட்டா இது. அதனால சைலன்சரைக் கழட்டித் துடைக்க முடியுமான்னு பாப்பான். பின்லாந்து, நார்வே, நியூசிலாந்துல வேட்டைக்காரங்க சைலன்சர் மாட்டுறது சாதாரணம். காது கெடாம இருக்கவும், பக்கத்து வீட்டுக்காரன் தூக்கம் கெடாம இருக்கவும் பயன்படுத்துறாங்க. அமெரிக்காவுல 1934-லேயே சட்டம் போட்டு, பதிவு பண்ணாம வச்சிருக்கக் கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. இந்தச் சாமானுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1960 மே 1-ஆம் தேதி சோவியத் வானத்துல சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க உளவு விமானத்தோட விமானி பவர்ஸ் கையில இருந்தது, சைலன்சரோட செஞ்ச ஹை ஸ்டாண்டர்ட் பாயிண்ட் 22 பிஸ்டல்தான். ஒளிஞ்சு செய்யற வேலைக்கு ஏத்த கருவி அது.

இனி நம்ம சட்டம். பாயிண்ட் 22 பிஸ்டலுக்கு லைசென்ஸ் வாங்க வழி இருக்கு. கலெக்டர்கிட்ட விண்ணப்பிக்கணும், காவல்துறை விசாரிக்கும். ஆனா சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைக்கிற துணைக்கருவியை 1959 ஆயுதச் சட்டம் துப்பாக்கிங்கிற கணக்குலயே சேர்க்குது. ஆயுத விதிகள் அதைத் தடை செய்யப்பட்ட வகையில வச்சிருக்கு. நீங்களும் நானும் லைசென்ஸ் கேட்டுக் கிடைக்கிற பொருளே இல்ல. 2019 திருத்தத்துக்கு அப்புறம் தடை செய்யப்பட்ட ஆயுதம் வச்சிருந்தா 7 வருசத்துலேர்ந்து 14 வருசம் வரைக்கும் சிறை. எவனாவது "பார்சல்ல வரவழைச்சுத் தர்றேன்"னு சொன்னா, அவன் உங்களுக்கு விக்கிறது ஜெயில்.

அதே சட்டத்துல விவசாயிக்கும் ஒரு வரி இருக்குங்கிறது பல பேருக்குத் தெரியாது. 13-ஆம் பிரிவுல, உண்மையிலேயே பயிர்க் காவலுக்குன்னா வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கணும்னு இருக்கு. பழைய ஆளுங்க வச்சிருந்தாங்களே, ஒத்தைக்குழல் நாட்டுத்துப்பாக்கி, அதுதான். பெரிய சத்தம், புகை, ஒரு தடவை சுட்டா மறுபடி கெட்டிக்க நேரமாகும். பயிர்க் காவலுக்குன்னு சட்டம் மனசுல வச்சது இந்த அதிர்வேட்டுச் சாமானைத்தான்; இடுப்புல சொருகுற பிஸ்டலை இல்ல. அதுல ஒரு விவேகம் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

சரி, சட்டத்தை ஒரு பக்கம் வச்சுட்டு வேலையை மட்டும் பாருங்க. 80 கிலோ, 100 கிலோ கிடாப்பன்னி மேல 2.6 கிராம் குண்டு பட்டா என்ன ஆகும்? சாகாது. அடிபட்டு கருவக்காட்டுக்குள்ளயோ தைலமரக் காட்டுக்குள்ளயோ போய்ப் படுத்துக்கும். காலையில சுள்ளி பொறுக்கப் போற அப்பத்தாவை முட்டிக் கிழிக்கும். மயிலைச் சுடலாம்னு நினைக்கவே வேணாம். 1963-லேர்ந்து தேசியப் பறவை, வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை. விராலிமலை முருகன் மயில் நம்ம மாவட்டத்துக்குப் பெருமை. அதே மயில் முளைச்ச கடலையைக் கொத்திக் கிளறும்போது வயிறு எரியுதுங்கிறதும் உண்மை. ரெண்டும் ஒரே ஊர்லதான் நடக்குது. அதுக்கு நஷ்டஈடு கேக்கலாம், துப்பாக்கி கேக்க முடியாது.

இப்போ நான் சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன். புதுக்கோட்டைச் சீமை மலையும் பள்ளத்தாக்கும் உள்ள ஊர் இல்ல. அங்கங்க பாறைக்குன்று, மத்தபடி பொட்டல், கண்மாய், கொல்லை. கொல்லைக்கு நடுவுல ஒரு வீடு, அங்கிட்டு ரெண்டு வீடு. ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி பாய்ச்ச ஆள் நிப்பான், த்ரீ ஃபேஸ் கரண்ட் அப்பதான வருது. வரப்புல டார்ச் இல்லாமக்கூட நடப்பான். பாயிண்ட் 22 குண்டு சின்னதுன்னு நினைச்சுராதீங்க; மேல் நோக்கிப் போனா ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியும் போகும். தோட்டாப் பெட்டி மேலயே தூர எச்சரிக்கை அச்சடிச்சிருப்பான். அது போற வழியைத் தடுத்து நிறுத்த நம்ம பொட்டல்ல என்ன இருக்கு?

தூரத்துலேர்ந்து வர்ற குண்டுன்னா என்னன்னு நம்ம மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். 2021 டிசம்பர் 30. நார்த்தாமலைக்குப் பக்கத்துல பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்துல மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படைப் பயிற்சி நடந்த நாள். தளத்துக்கு வெளியே, தாத்தா வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்த 11 வயசுப் பையன் தலையில குண்டு பாய்ஞ்சுச்சு. புதுக்கோட்டையிலேர்ந்து தஞ்சாவூர் மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் ஆபரேசன் பண்ணாங்க. 2022 ஜனவரி 3-ஆம் தேதி அந்தப் புள்ள போயிருச்சு. விஜயாலய சோழீச்சரம் பாக்க நார்த்தாமலைக்கு வர்றீங்களே, அந்தப் பாறையைச் சுத்தித்தான் இதெல்லாம்.

அது வேற துப்பாக்கி, வேற தோட்டா, தெரியும். நான் பாக்குறது இதை: அது பயிற்சிக்குன்னே ஒதுக்குன இடம். அங்க இருந்தவங்க சுடுறதையே தொழிலாக் கத்துக்கிறவங்க. பகல் வேளை. அப்படியிருந்தும் ஒரு குண்டு வழி தவறிச்சுன்னா, ராத்திரியில, தூக்கக் கலக்கத்துல, கடலைச் செடி அசையுதேன்னு குறி வைக்கிற ஆளு சுடுற குண்டு எங்க போய் நிக்கும்?

சத்தம் மட்டும் இருந்தா குண்டு நின்னுருமான்னு கேப்பீங்க. நிக்காது. ஆனா சத்தம் இருந்தா ஊருக்குத் தெரியும். பக்கத்துக் கொல்லைக்காரன் "ஏப்பா, யாரு அங்க? ஆள் நிக்கிறோம்!"னு கத்துவான். அடுத்த குண்டு வராது. காலையில டீக்கடையில "நேத்து ராத்திரி யாருய்யா சுட்டது?"னு நாலு பேர் கேப்பாங்க. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாதிப் பேர் ஒழுங்கா இருக்கான். லைசென்சும் போலீசும் இருக்கிறது புதுக்கோட்டையில; ராத்திரிக் கொல்லையில இருக்கிறது அக்கம்பக்கத்தான் காது மட்டும்தான். சைலன்சர் பிடுங்குறது அந்தக் காதை.

இது வெறும் கற்பனை பயம் இல்ல. சத்தமில்லாமப் பயிர் காக்குற ஆயுதங்களை ஏற்கனவே நம்ம நாட்டுல பாத்துக்கிட்டுத்தான இருக்கோம். கொக்கி போட்டு நேரடியா கரண்ட் விடுற கள்ள மின்வேலி ஒண்ணு. சத்தமில்லாம ஆளைத் தூக்குது. 2023 மார்ச்ல தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்துல அப்படி ஒரு வேலியில 3 யானை செத்துச்சு, ரெண்டு குட்டி தாயை இழந்து நின்னுச்சு. பன்னிக்கு வைக்கிற அவுட்டுக்காய் இன்னொண்ணு. ஆடு கடிச்சாலும் வெடிக்கும், புள்ள கையில எடுத்தாலும் வெடிக்கும். சுருக்குக் கம்பி மூணாவது. இதுல எதை வச்சவனும் மனுசனைக் கொல்ல வைக்கல. வச்சது யாருக்கும் தெரியாமப் போனதுதான் அங்கெல்லாம் ஆபத்தே. பயிர்க் காவல்ல ரகசியம் புகுந்தா சாவும் கூடவே புகுந்துரும்.

அப்போ விவசாயி பன்னிக்கிட்ட விட்டுட்டுப் படுத்துக்கணுமா? அப்படிச் சொல்லல. பன்னியால ஒரே ராத்திரியில அரை ஏக்கர் கடலை போன வலி எனக்கும் தெரியும். ஆனா அதுக்குக் கேக்க வேண்டியது வேற. 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு ஒரு முடிவு சொல்லுச்சு. காப்புக்காட்டுலேர்ந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. 1-லேர்ந்து 3 கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். 3 கிலோமீட்டருக்கு அப்பால வனத்துறை ஆளுங்க சுடலாம். கேரளாவுல 2022-லேயே பஞ்சாயத்துத் தலைவர் மட்டத்துக்கு அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கிறவங்களை வச்சுச் சுட வழி பண்ணாங்க. ரெண்டுலயும் குறை இருக்கலாம். ஆனா ரெண்டும் நாலு பேருக்குத் தெரிஞ்சு, யார் சுடுறா, எப்போ சுடுறான்னு எழுத்துல பதிஞ்சு நடக்கிற காரியம். நாம கேக்க வேண்டியது இதைத்தான்: மனு கொடுத்தா வெள்ளாமை முடியறதுக்குள்ள ஆள் வரணும், பயிர் போனதுக்குப் பணம் அந்தப் பட்டத்துக்குள்ளயே வரணும், பதிவு பண்ணிய சூரிய மின்வேலிக்கு மானியம் சிறு விவசாயிக்கும் எட்டணும்.

அதுவரைக்கும் நம்மகிட்ட இருக்கிறது பழைய ஆயுதம்தான். தகரம், வேட்டு, நாய், பரண்ல உக்காந்து போடுற கூப்பாடு. இப்போ ஸ்பீக்கர்ல ஆள் பேச்சைப் பதிவு பண்ணி ஓட விடுறாங்க. எல்லாமே சத்தம்தான், பாத்தீங்களா? பன்னியை விரட்டுறதும் அதுதான், "இங்க ஆள் இருக்கு"ன்னு பக்கத்துக் கொல்லைக்குச் சொல்றதும் அதுதான்.

துப்பாக்கி மேல உண்மையிலேயே ஆசை இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆசை தப்பில்ல. ஒலிம்பிக்ல 25 மீட்டர் பிஸ்டல் போட்டிங்க நடக்குறது பாயிண்ட் 22 ரிம்ஃபயர்லதான்; 2012 லண்டன்ல விஜய் குமார் வெள்ளி வாங்குனது அப்படி ஒரு போட்டியிலதான். நம்ம புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் வரைக்கும் போய் ட்ராப் சுட்டுட்டு வந்தார். ரைஃபிள் கிளப்புல சேருங்க, காதுக்கு மூடி போட்டுக்கிட்டு, பின்னாடி மண்மேடு இருக்கிற இடத்துல, சொல்லிக் கொடுக்க ஆள் வச்சுச் சுடுங்க.

கொல்லைக்கு வரும்போது ஒரு தகர டப்பாவும் நல்ல டார்ச்சும் கொண்டு வாங்க. ராத்திரி காவலுக்குப் போறதுக்கு முன்னாடி, நாலு பக்கத்துக் கொல்லைக்காரனோட போன் நம்பரையும் வாங்கி வச்சுக்கங்க.