வேகப்பந்து வீச்சாளர் கோபாலனும் நமது கடமையும்

விழா மலர்களில் வெற்றி பெற்றோரைப் புகழ்வது வழக்கம். கிண்ணங்களின் படங்களும், அணித்தலைவர்களின் பெயர்களும், அதிபர்களின் வரலாறும் இம்மலரையும் அணிசெய்யும். அவற்றினிடையே, ஒரேயொரு ரெஸ்ற் போட்டியில் ஆடி, ஒரேயொரு விக்கெற் வீழ்த்திய ஒருவரைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் நமது கல்லூரியின் பழைய மாணவர்கள் இன்று எண்ணிப்பார்க்க வேண்டிய பாடம் அவரது வாழ்விலேயே இருக்கிறது என்பது என் துணிபு. அவர்தாம் சென்னையின் வேகப்பந்து வீச்சாளர் எம். ஜே. கோபாலன்.

செங்கல்பட்டை அடுத்த மொறப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1909 ஆம் ஆண்டு பிறந்தவர் கோபாலன். குடும்பம் சென்னைத் திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வளர்ந்த அவ்விளைஞரின் பந்துவீச்சை சி. பி. ஜோன்ஸ்ரன் என்னும் ஆங்கிலேயர் கண்டார். கண்டு பாராட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. பர்மா ஷெல் நிறுவனத்திலே வேலை தேடிக் கொடுத்தார். திருவல்லிக்கேணிக் கிறிக்கெற் கழகத்தில் ஆடவும் வழிசெய்தார். திறமை கோபாலனுடையது, ஆனால் அத்திறமை ஓர் உருப்பெறுதற்கு வேண்டிய சோறும் களமும் இன்னொருவர் முயற்சியாற் கிடைத்தன. இதனை வாசகர் நினைவில் இருத்துவாராக.

அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. பொங்கற் காலத்தில் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் இடையே சேப்பாக்கத்தில் நடைபெற்று வந்த மாகாணப் போட்டியில் கோபாலன் இடம்பெற்றார். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காலம் சென்னைக் கிறிக்கெற்றின் முன்னணியில் நின்றார். 1934 நவம்பர் 4 ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதியபோது, றஞ்சிக் கிண்ண வரலாற்றின் முதற் பந்தை வீசியவர் அவரே. அன்றைய ஆட்டம் ஒரே நாளில் சென்னையின் வெற்றியாக முடிந்தது. இன்று இந்தியாவின் மூலை முடுக்குகளிலெல்லாம் ஆடப்படும் அப்பெரும் போட்டித் தொடர், ஒரு தமிழரின் கையிலிருந்து புறப்பட்ட பந்தோடு தொடங்கியது என்பது நாம் பெருமைப்படத்தக்கதே.

அதே ஆண்டின் சனவரியில், கல்கத்தாவில், இங்கிலாந்துக்கு எதிராக அவர் தமது ஒரே ரெஸ்ற் போட்டியை ஆடினார். எதிரணிக்குத் தலைமை தாங்கியவர் டக்ளஸ் ஜாடின். இந்த ஜாடினின் பெயரைச் சொன்னால், வேகப்பந்து வீச்சின் வரலாற்றை அறிந்தோர்க்கு உடனே நினைவுக்கு வருபவர் ஹரல்ட் லார்வூட். அவர் கதையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுதல் பொருத்தமாகும்.

லார்வூட் நொட்டிங்காம்சயரில் நிலக்கரிச் சுரங்கத்திலே பதினான்கு வயதில் வேலைக்குச் சென்றவர். அவ்வூரில் வாழ்ந்த மூத்த ஆட்டக்காரர் ஒருவரின் பரிந்துரையால் மாவட்ட அணியை அடைந்தார். 1932-33 இல் அவுஸ்திரேலியாவில், ஜாடினின் திட்டப்படி, துடுப்பாளரின் உடலை நோக்கி எழும்பும் வேகப்பந்துகளை வீசி ஐந்து ரெஸ்ற் போட்டிகளில் 33 விக்கெற்றுகளை வீழ்த்தினார். இங்கிலாந்து நான்குக்கு ஒன்றென்ற கணக்கில் வென்றது. ஆனால் அவ்வாட்டமுறை இரு நாடுகளுக்குமிடையே பெரும் பகைமையை விளைவித்தது. பின்னர் மன்னிப்புக் கோருமாறு லார்வூட்டிடம் கேட்கப்பட்டது. தலைவர் சொன்னதையே செய்தேன் என்று அவர் மறுத்தார்; மீண்டும் இங்கிலாந்துக்காக அவர் ஆடவேயில்லை. கட்டளையிட்ட கனவானோ அடுத்த மாரியிலேயே அணித்தலைவராக இந்தியாவுக்கு வந்தார். கனவான்களுக்கு ஒரு நீதி, கூலிக்கு ஆடுவோர்க்கு ஒரு நீதி என்றிருந்த காலம் அது. 1950 இல் லார்வூட் அவுஸ்திரேலியாவிலேயே குடியேறினார். எந்த மக்கள் அவரை ஏசினார்களோ அந்த மக்களே அவரை அன்போடு ஏற்றுக்கொண்டனர். அவர் சொந்த நாடு அவருக்கு ஒரு விருதளிக்க 1993 வரை காத்திருந்தது. இரண்டாண்டுகளில் அவர் மறைந்தார்.

கோபாலனுக்கு நேர்ந்தது வேறொரு வகை. அவர் கிறிக்கெற்றில் மாத்திரமன்றி ஹொக்கியிலும் வல்லவர். 1935 இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்துக்குச் சென்ற இந்திய ஹொக்கி அணியில் அவரும் ஒருவர். மறுவருடம் பேர்லினில் ஒலிம்பிக் விழா. அதே கோடையில் இந்தியக் கிறிக்கெற் அணி இங்கிலாந்து செல்லவிருந்தது. இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. அவர் கிறிக்கெற்றைத் தெரிந்தார். அந்தச் சுற்றுப்பயணமோ உட்பூசல்களாற் சிதைந்தது. அமர்நாத் நடுவழியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மூன்று ரெஸ்ற் போட்டிகளில் ஒன்றிலேனும் கோபாலனுக்கு இடம் கொடுக்கப்படவில்லை. 1936 ஓகஸ்ற் 15 ஆம் நாள் இலண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது ரெஸ்ற் தொடங்கியது. அன்றைய தினமே பேர்லினில் இந்திய ஹொக்கி அணி யேர்மனியை எட்டுக்கு ஒன்றென வென்று தங்கப்பதக்கம் பெற்றது. அந்த நாளில் கோபாலன் ஓவலிலும் ஆடவில்லை, பேர்லினிலும் ஆடவில்லை.

இதனைப் படிப்போர், ஊழின் விளையாட்டு என்று பெருமூச்செறிந்து விட்டுவிடலாகாது. ஊழன்று, பொறுப்பிலிருந்தோரின் கவனக்குறைவே அது. ஓர் இளைஞனைத் தெரிந்தெடுத்துக் கடல் கடந்து அழைத்துச் செல்வோர், அவனைப் பயன்படுத்தவும் கடமைப்பட்டவர்கள். லார்வூட்டைப் பயன்படுத்தினார்கள், காக்கவில்லை; கோபாலனைத் தெரிந்தெடுத்தார்கள், பயன்படுத்தவில்லை. இரண்டும் பிழையே.

ஆயினும் கோபாலன் கசந்துபோய் ஒதுங்கவில்லை. தொடர்ந்து ஆடினார், பிற்காலத்தில் இந்திய அணியின் தெரிவாளர்களுள் ஒருவராகவும் பணிபுரிந்தார். அவரது நீண்ட சேவையைப் போற்றி, 1952-53 இல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கிண்ணப் போட்டி தொடங்கப்பெற்றது. 1981 இல் ரெஸ்ற் தகுதி பெறும்வரை, இலங்கை அணிக்கு ஒழுங்காகக் கிடைத்த முதல்தரப் போட்டிகள் மிகச் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று. தமக்கு மறுக்கப்பட்ட களம் பிறருக்குத் தம் பெயராற் கிடைப்பதைக் கண்டபின்னரே 2003 டிசம்பரில் அவர் கண்மூடினார். ஒரே விக்கெற் என்ற கணக்கு அம்மனிதரை அளக்கப் போதாது.

இனி நம் ஊருக்கு வருவோம். நான் இறக்கக்கண்டியிற் பிறந்து, நிலாவெளி வழியாகப் பஸ் வண்டியேறித் திருகோணமலை நகருக்குப் படிக்க வந்தவன். எங்கள் ஊரில் என்னோடொத்த வயதுடைய ஒருவன் இருந்தான். கடல் வற்றிய ஈரமணலில் வெறுங்காலோடு ஓடிவந்து அவன் வீசும் ரெனிஸ் பந்து, துடுப்பை உயர்த்துமுன் ஓலைமட்டை விக்கெற்றைச் சாய்த்துவிடும். அவனிடம் சப்பாத்து இல்லை. மாலைப் பயிற்சி முடிந்தபின் ஊர்திரும்ப வண்டியும் இல்லை. பதினாறாவது வயதில் அவன் தந்தையோடு கரைவலை இழுக்கப் போனான். அவனை யாரும் விலக்கவில்லை. யாரும் காணவில்லை, அவ்வளவே. கண்ட ஒரே ஆள் நான், நானும் சொல்லவில்லை. நல்ல துடுப்பாளன் என்று எனக்கு அக்காலத்திற் கிடைத்த பெயரெல்லாம் அவன் பந்துக்கு முகங்கொடுத்துப் பழகியதன் பலன் என்பதை இன்று இம்மலரில் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பின் போரும் இடப்பெயர்வும் வந்தன. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலையும் வந்தது. ஆயினும் அம்மணலில் இன்றும் சிறுவர்கள் ஓடுகிறார்கள். அவர்களுள் எவன் வேகப்பந்து வீச்சாளன் என்று கரையில் நின்று பார்ப்பவர் யார்?

பார்க்கும் கண் வாய்த்தால் என்ன நிகழும் என்பதற்குச் சான்றுகள் உள. தென்னிலங்கையில் காலிக்கு அணித்தான ரத்கம என்னும் ஊரில் கடலோரத்தில் மென்பந்து ஆடித்திரிந்த லசித் மாலிங்கவை, முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக ராமநாயக்க இனங்கண்டார். 2007 உலகக்கிண்ணப் போட்டியில் தொடர்ந்து நான்கு பந்துகளில் நான்கு விக்கெற்றுகளை மாலிங்க வீழ்த்தியதை உலகமே கண்டது. தமிழ்நாட்டில் சேலத்தை அடுத்த சின்னப்பம்பட்டியின் நடராஜனும் ரெனிஸ் பந்திலே வளர்ந்தவர்தாம். ஊரவர் ஒருவரின் ஊக்கத்தாற் சென்னை சென்ற அவர், 2020-21 இல் அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணமொன்றிலேயே மூவகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். எங்கள் கடற்கரை மணல் ரத்கம மணலினும் தாழ்ந்ததன்று.

விளையாட்டு படிப்பைக் கெடுக்குமென்று பெற்றோர் அஞ்சுவதை நான் அறிவேன். அவ்வச்சம் நியாயமானதே, வறிய வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பே முதல். ஆனால் கோபாலனுக்கு உத்தியோகமும் ஆட்டமும் சேர்ந்தே வாய்த்தன என்பதை மறக்கலாகாது. ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பறிப்பதன்று நாம் வேண்டுவது. பிள்ளைகளை 1936 ஆம் ஆண்டின் இக்கட்டுக்குள் தள்ளாதிருப்பதே பெரியோர் கடமை.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, குச்சவெளி முதல் மூதூர் வரையுள்ள ஒவ்வோர் ஊரிலும் நம்முள் ஒருவரேனும் இருக்கிறோம். அவரவர் ஊரில் ஆடும் சிறுவர்களை ஆண்டில் இருமுறை சென்று பார்த்து, பயிற்சியாளருக்கு அறிவிப்போமாக. இரண்டாவது, இனங்காணப்பட்டவனுக்குச் சப்பாத்தும், வன்பந்தும், பஸ் கட்டணமும் சங்க நிதியிலிருந்து வழங்கப்படல் வேண்டும். ரெனிஸ் பந்து அறுபது கிராமுக்கும் குறைவானது. வன்பந்தோ நூற்றைம்பத்தாறு கிராமுக்கும் மேற்பட்டது. தோளும் முதுகும் அப்பாரத்தை ஏற்க இளமையிலிருந்தே முறையாகப் பழகாவிடின், வேகம் உடலையே முறிக்கும். மூன்றாவது, பள்ளியை விட்டு நீங்கும் வீரனுக்கு, நிறுவனங்களிலும் திணைக்களங்களிலும் உயர்பதவி வகிக்கும் நம்மவர்கள் உத்தியோகத்துக்கு வழிகாட்டுதல் வேண்டும். ஜோன்ஸ்ரன் என்னும் அந்நியர் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குச் செய்ததை நம் பிள்ளைகளுக்கு நாம் செய்ய இயலாதா?

குடத்துள் இட்ட விளக்கு ஒளியற்றதன்று. அதனைக் குன்றின்மேல் ஏற்றுவார் இல்லை என்பதே குறை. இவ்விழாவுக்கென நாம் சேர்த்த நிதியில் மேடையும் தோரணமும் போக எஞ்சும் தொகை சிறிதாயினும், ஒரு சிறுவனின் சப்பாத்துக்கு அது போதும். கூட்டம் கலைந்ததும் நான் வடக்கே செல்லும் பஸ் வண்டியில் ஊருக்குப் போகிறேன். மாலையில் சிறுவர்கள் மணலில் இறங்கும் நேரம் அது. இம்முறை நான் கண்டதைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புவேன். மற்றையோரும் தத்தம் ஊர்களிலிருந்து எழுதுவார்களாக.