பிசிக்ஸ் எடுத்தா கம்ப்யூட்டர் கிடையாதா?



வெள்ளிமலையிலிருந்து கீழே இறங்கி, கள்ளக்குறிச்சியிலோ சேலத்திலோ ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறீங்க. வீட்டுல நீங்கதான் முதல் பட்டதாரி. கேட்டது கம்ப்யூட்டர் சயின்ஸ், கிடைச்சது பிசிக்ஸ். ‘போச்சுடா, இனிமே கம்ப்யூட்டர் பக்கமே போக முடியாது’ன்னு ஃபீல் பண்றீங்களா? கொஞ்சம் இருங்க பாஸ்!

உங்க கல்வராயன் மலையில ராத்திரி முழுக்க நல்ல மழை. விடியறதுக்குள்ள கோமுகி அணையில தண்ணி எத்தனை அடி ஏறும்? இதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் ‘சயின்டிஃபிக் கம்ப்யூட்டிங்’. மண் எவ்வளவு தண்ணி குடிக்கும், மிச்சம் எந்த வேகத்துல ஓடும் என்பதை முதல்ல சமன்பாடா எழுதணும். அதுக்கு பிசிக்ஸும் மேத்ஸும் வேணும். புரோகிராம் அப்புறம்தான்.

ஜி.என்.ராமச்சந்திரன் தெரியுமா? 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் சேர்ந்தவர், சி.வி.ராமனிடம் பிசிக்ஸுக்கு மாறினார். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவரும் சகாக்களும் புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். கையில் இருந்தது மேஜை கால்குலேட்டர்தான்! ‘ராமச்சந்திரன் பிளாட்’ என்று உலகம் முழுக்க இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இன்றைக்கு வசதிக்குக் குறைச்சலில்லை. 2022-ல் திருச்சி என்.ஐ.டி.யில் ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது. அதன் உச்ச வேகம் நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்!

சரி, நீங்க என்ன செய்யணும்?

* மேத்ஸ் அலைடு பேப்பரை ‘பாஸானா போதும்’னு விடாதீங்க. கால்குலஸ், மேட்ரிக்ஸ், நியூமரிகல் மெத்தட்ஸ் மூணும்தான் அஸ்திவாரம்.

* பைத்தான் கத்துக்குங்க. ஐ.ஐ.டி. பாம்பேயின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ தமிழ்க் குரலிலேயே இலவசமா கிடைக்குது.

* பி.எஸ்சி. கடைசி வருஷம் ‘ஜாம்’ தேர்வு எழுதுங்க. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர அதுதான் வாசல்.

ஒரு உண்மையையும் சொல்லிடறேன். இந்தப் பாதைக்கு பி.எஸ்சி. மட்டும் போதாது, மேல ரெண்டு வருஷமாவது படிக்கணும். டிகிரி முடிச்ச கையோட சம்பளம் வந்தாகணும்கிற நிலைமை வீட்டுல இருந்தா, ஐ.டி. வேலைக்கும் தயாராகுங்க. அதுல தப்பே இல்ல. அங்கேயும் அந்தப் பைத்தான் கைகொடுக்கும்.

ஆனா, ‘கிடைக்காத குரூப்’பை நினைச்சு, கையில இருக்கிற பிசிக்ஸைக் கோட்டை விட்டுடாதீங்க. அடுத்த மழைக்கு கோமுகி கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க!

அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!