யாரும் பார்க்கலைன்னா ஏன் சுத்தணும்?

டிஸ்கி: பாய்மரப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கும் தெரியாது. ரேணிகுண்டாவில் பிறந்தவனுக்குத் தண்ணி என்றால் சுவர்ணமுகி ஆறு. அதிலும் பாதி வருஷம் மணல்தான் ஓடும் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

இரண்டு வாரம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, இங்கே மஸ்கட்டில் சின்னப் பசங்களுக்கான படகுப் போட்டி. என் பொண்ணுக்குப் பதினோரு வயசு. ஆப்டிமிஸ்ட் என்கிற குட்டிப் படகு, ஒரு பாய், ஒரு ஆள், அவ்வளவுதான். நாலாவது ரேஸில் மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தவள், காற்று வரும் பக்கத்து மிதவையைச் சுற்றும்போது பாயின் கீழ்க்கட்டை அந்த மிதவையில் லேசாக உரசிவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. நடுவர் படகு எங்கேயோ தூரத்தில். பைனாகுலர் வைத்திருந்ததால் நான் பார்த்தேன். உடனே ஒதுங்கிப் போய், தன் படகை ஒரு முழுச் சுற்று சுற்றினாள். அதற்குள் நாலு படகு தாண்டிப் போய்விட்டது. ஏழாவதாக முடித்தாள்.

கரைக்கு வந்ததும் "யாரும் பார்க்கலையேம்மா, ஏன் சுத்தினே?" என்று முதலில் கேட்டது யார் தெரியுமா? அடியேன்தான். வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன். "இடிச்சேன்லப்பா, அதான்" என்று சொல்லிவிட்டு ஜூஸ் எங்கே என்று தேடப் போய்விட்டாள்.

அதோடு விட்டிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. என்னைப் போலவே கேட்ட மற்ற பெற்றோர்கள் அன்று ராத்திரியே வாட்ஸப்பில் கூடி, கிளப்புக்கு ஒரு மனு தயார் பண்ணிவிட்டார்கள். பன்னிரண்டு வயசுக்குக் கீழே உள்ள பசங்களுக்குத் தனக்குத்தானே தண்டனை எடுக்கிற விதி வேண்டாமாம், நடுவர் கண்ணால் பார்த்த தப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் போதுமாம். கையெழுத்துப் போட்டவர்களில் முக்கால்வாசி நம்மாட்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் அப்பா என்பதால் என் கையெழுத்துதான் ரொம்ப முக்கியம் என்று ஒருத்தர் மூணு தடவை போன் பண்ணிவிட்டார்.

போடமாட்டேன் சார். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் விதி என்ன என்று பார்ப்போம். மனு எழுதினவர்கள் யாரும் புத்தகத்தைப் பிரித்ததாகத் தெரியவில்லை. உலகம் பூரா இந்தப் போட்டிகளுக்கு ஒரே விதிப்புத்தகம்தான். வேர்ல்ட் செய்லிங் என்கிற அமைப்பு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை திருத்தி வெளியிடும். இப்போது இருப்பது 2025-2028க்கானது.

என்னை அதில் இழுத்தது ஸ்டார்ட் பண்ணுகிற முறைதான். ஐந்து நிமிஷம் இருக்கும்போது அந்த வகைப் படகுக்கான கொடி ஏறும். நாலு நிமிஷத்தில் இன்னொரு கொடி, வழக்கமாக நீலத்தில் நடுவே வெள்ளைச் சதுரம் போட்டது. ஒரு நிமிஷம் இருக்கையில் அது இறங்கும். முதல் கொடி இறங்கினால் ஸ்டார்ட். ஒவ்வொன்றுக்கும் ஹாரன் அடிப்பார்கள், ஆனால் கணக்கு கொடிக்குத்தான், சத்தத்துக்கு இல்லை. ஹாரன் வேலை செய்யாமல் போனாலும் கொடி இறங்கினது இறங்கினதுதான். முந்திக் கோட்டைத் தாண்டியவர் இருந்தால் வெள்ளையில் நீலச் சிலுவைக் கொடி ஏறும். அவர் திரும்பி வந்து மறுபடி ஸ்டார்ட் பண்ணவேண்டும்.

இதைப் படித்தபோது எங்க நைனா ஞாபகம் வந்தது. ரேணிகுண்டா ஜங்ஷனில் கூட்ஸ் கார்டு. (2022லிருந்து டிரெயின் மேனேஜர் என்று பேர் மாற்றிவிட்டார்கள். நைனா இருந்திருந்தால் "மேனேஜர்னா சம்பளம் எவ்ளோ ஏத்தினான்?" என்று கேட்டிருப்பார்.) பச்சைக் கொடி, சிவப்புக் கொடி இரண்டையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்புவார். வண்டி எங்கே எத்தனை நிமிஷம் நின்றது, யாரால் லேட் என்று கைப்பட எழுதவேண்டும். கடைசிப் பெட்டியில் தனி ஆள், ராத்திரி நேரம். தன்னால் ஆன லேட்டையும் அவரேதான் எழுதவேண்டும். எழுதுவார்.

கொடி எல்லாம் மேல்பூச்சு. விதிப்புத்தகத்தின் உயிர் ஆரம்பத்திலேயே இருக்கிறது. விதிகளைப் பின்பற்றுவதும், பின்பற்ற வைப்பதும் போட்டியாளர்களின் பொறுப்பு. விதியை மீறினால் உடனே உரிய தண்டனையை எடுத்துக்கொள்ளவேண்டும், சில சமயம் போட்டியை விட்டே விலகவேண்டும். மிதவையை இடித்தால் ஒரு சுற்று. இன்னொரு படகோடு வழிவிடும் விதியை மீறினால் இரண்டு சுற்று. மீறியதால் பெரிய லாபமோ, யாருக்காவது காயமோ என்றால் சுற்றெல்லாம் போதாது, விலகித்தான் ஆகவேண்டும். இந்த அடிப்படைக் கொள்கையை எந்தக் கிளப்பும் தன் அறிவிப்பில் மாற்றமுடியாது என்றும் அதே புத்தகத்தில் இருக்கிறது. ஆக, நம்மாட்கள் மனு கொடுத்திருப்பது கிளப்புக்கு அதிகாரமே இல்லாத விஷயத்துக்கு!

இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறேன். எங்கள் தொழிலில் யாரையும் நம்பக்கூடாது. ஒருத்தர் பதிவு பண்ணினால் இன்னொருத்தர் சரிபார்க்கவேண்டும், லாக்கரைத் திறக்க இரண்டு சாவி, அதற்கு மேல் ஆடிட்டர், அவருக்கு மேல் இன்னொரு ஆடிட்டர். அப்படியும் பணம் போகத்தான் செய்கிறது. பதினோரு வயசுப் பெண்ணைத் தனியாகத் தண்ணியில் விட்டு, நீ இடித்தாயா இல்லையா, நீயே சொல்லு என்று நம்புகிற ஏற்பாடு எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அந்த நம்பிக்கை வேண்டாம், ஆடிட்டரை மட்டும் அனுப்புங்கள் என்று நாமே போய்க் கேட்கிறோம்.

"மத்தவன் இடிச்சுட்டு சுத்தாம போறானே, நம்ம புள்ள மட்டும் ஏமாளியா?" இதுதான் மனுவின் உள்சரக்கு. நியாயமான கேள்வி. அதற்குத்தான் 'பின்பற்ற வைப்பது' என்கிற இரண்டாவது பாதி. அடுத்தவன் தப்பு செய்தால் உடனே "புரோட்டஸ்ட்" என்று கத்தவேண்டும். கரைக்கு வந்து நேர வரம்புக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். இரண்டு தரப்பையும் உட்காரவைத்து விசாரிப்பார்கள். மேஜைமேல் பொம்மைப் படகுகளை நகர்த்தி எது எங்கே இருந்தது என்று பசங்களே காட்டலாம், சாட்சி கூப்பிடலாம், எதிராளியைக் கேள்வி கேட்கலாம்.

நம்ம பசங்க எத்தனை பேர் கத்தியிருக்கிறார்கள்?

போன வருஷம் இதே பொண்ணு வலப்பக்கக் காற்றில் வந்துகொண்டிருந்தாள். இடப்பக்கக் காற்றில் வந்த பையன் வழிவிட்டிருக்கவேண்டும். விடாமல் வந்து இடித்தான், சுற்றவும் இல்லை. இவள் கத்தியும் விட்டாள். கரையில் படிவத்தை வாங்கப் போனவளை நான்தான் தடுத்தேன். "வம்பு எதுக்கும்மா, விடு." நிஜக் காரணம் வேறே. அந்தப் பையனின் அப்பாவுக்கு எங்கள் கிளையில் பெரிய கணக்கு. தங்கமணி அன்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வேண்டாம் விடுங்கள்.

நாம் வீட்டில் சொல்லிக்கொடுப்பது இதுதான் மக்களே. நீ செய்த தப்பை யாரும் பார்க்காவிட்டால் சொல்லாதே, அடுத்தவன் உனக்குச் செய்த தப்பையும் சொல்லாதே. அந்நிய ஊர், பிழைக்க வந்த இடம், தலையைக் குனிந்து போய்விடு. விசாவும் வேலையும் கையில் இருக்கிற பயத்தில் நமக்கு அது பழகிவிட்டது. இந்தப் பசங்களுக்கு அது எதற்கு?

மனுக்கோஷ்டி உதாரணம் காட்டுவது நேத்ரா குமணனை. இதே ஓமானில், மூசன்னாவில், 2021 ஏப்ரலில்தான் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார், பாய்மரப் படகில் அப்படித் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். நம்ம சென்னைப் பொண்ணு. அதே போட்டியில் தகுதி பெற்ற விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர், எங்கள் ஊருக்குப் பக்கம்தான். பட்டாளத்துக்காரர். பணக்கார விளையாட்டு என்பவர்களுக்கு இதையும் சொல்லிவைக்கிறேன். மெடல் வேண்டுமென்றால் பசங்களைக் கட்டிப்போடாதீர்கள் என்கிறார்கள். இவர்கள் இருவரும் ஜெயித்ததும் இதே புத்தகத்தின் கீழேதான் சாமி. தகுதிச் சுற்றுக்கு வேறே புத்தகம் அச்சடிக்கவில்லை.

1988 சியோல் ஒலிம்பிக்கில் லாரன்ஸ் லெமியூ என்ற கனடாக்காரர் இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தார். படகு கவிழ்ந்து தத்தளித்த சிங்கப்பூர் வீரர்கள் இருவரைக் காப்பாற்ற ரேஸை விட்டுத் திரும்பினார். ஆபத்தில் இருப்பவருக்கு உதவவேண்டும் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் முதல் விதி. நடுவர் குழு அந்த ரேஸில் அவருக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தது.

இன்னொன்று. ரேஸ் நடக்கும்போது கரையில் நின்று "திருப்பு, திருப்பு" என்று தமிழில் கத்துகிறோமே, அது வெளி உதவி, விதிமீறல். 2017லிருந்து பெற்றோரும் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். எச்சரிக்கை கொடுத்த பிறகும் அப்பா அடங்காவிட்டால் பிள்ளையின் படகுக்குத் தண்டனை கொடுக்கலாம். நடுவருக்குத் தமிழ் தெரியாது என்கிற தைரியம் நமக்கு.

மனுவை வியாழக்கிழமை கொடுக்கப்போகிறார்களாம். என் பங்குக்கு விதிப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தை குரூப்பில் போட்டேன். இரண்டு பேர் குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டார்கள், ஒருத்தர் கட்டைவிரல் காட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி ரேஸ் இருக்கிறது. அந்தப் பெரிய கணக்குக்காரர் பையனும் வருகிறான். புரோட்டஸ்ட் படிவம் இரண்டை இப்போதே பிரிண்ட் எடுத்துப் பொண்ணு பையில் வைத்திருக்கிறேன்.